முப்பத்து மூன்றில் வைத்த கோடு

செப்டம்பர் மாத முதல் சனிக்கிழமை காலை, துறைமுகத்து எடைமேடையில் வேலை பார்க்கும் சிவபெருமாள், தன் மனைவியின் கட்டியை ஒரு பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜெசிந்தாவின் வகுப்புக்கு வந்தார்.

வகுப்பு நடந்தது தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறையில். பதினான்கு கணினிகள்; அவற்றில் இரண்டு ஓடாது. சனிக்கிழமை பிள்ளைகள் வராததால் அறையை ஜெசிந்தாவுக்குக் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் மாணவர்கள் இல்லை. லாரி டிரைவர், பீடிக் கடைக்காரர், உப்பளத்துக் கங்காணி, வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர். எல்லோர் வீட்டிலும் யாரோ ஒருவருக்குப் புற்றுநோய். எல்லோருக்கும் மருந்து ஒதுக்கீட்டு வாரியத்திலிருந்து ‘இல்லை’ என்று கடிதம் வந்திருந்தது.

அந்தச் சமயத்தில் கட்டிகளின் ஸ்லைடுகளை மனிதர்கள் நுண்ணோக்கியில் பார்ப்பது அநேகமாக நின்றுபோயிருந்தது. எந்த ஊரில் கட்டியை வெட்டினாலும், அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயமேற்றிப் படம்பிடித்து மேலே அனுப்பிவிடுவார்கள். மருந்து ஒதுக்கீட்டு வாரியத்தின் மெஷின் அதைப் படிக்கும். புதிதாக வந்திருந்த ஊசி, ஒரு குறிப்பிட்ட புரதம் உள்ள செல்களைத்தான் தாக்கும். அந்தப் புரதம் உள்ள செல் சாயத்தில் பழுப்பாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும். நூற்றுக்கு இருபது செல்லாவது பழுப்பு என்றால் ஊசி இலவசம். அதற்குக் கீழே என்றால் பழைய மருந்து, பழைய வாந்தி, பழைய முடிவு.

மெஷினை நம்பாதவர்கள் நாற்பத்தைந்து நாளுக்குள் தாங்களே எண்ணிக் காட்டி மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. லட்சக்கணக்கான செல்களை யார் உட்கார்ந்து எண்ணப்போகிறார்கள் என்ற தைரியத்தில் எழுதிய வரி. ஆனால் ‘வில்லை’ என்று ஒரு மென்பொருள் இருந்தது. இலவசம். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. பெரிய படங்களைத் திறந்து, நிறங்களைப் பிரித்து, செல்களை எண்ணிக் கொடுக்கும். நாம் செய்யும் ஒவ்வொரு படியையும் ஒரு கோப்பில் பதிந்தும் வைக்கும். வாரியம் அந்தக் கோப்பை வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லும். அதே எண் வந்தால் ஊசி.

பத்தொன்பது வருடம் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் மெழுகில் புதைத்த சதையைச் சீவிக்கொண்டிருந்தவர் ஜெசிந்தா. மெஷின் வந்ததும் வேலை போயிற்று. இரண்டு வருடமாக இந்த வகுப்பை நடத்துகிறார். அதுவரை நாற்பத்தேழு பேருக்கு ஊசி வாங்கிக் கொடுத்திருந்தார்.

அதில் முதல் ஆள் அமலோற்பவம். கன்னியர் மடத்தில் சமையல் செய்கிறவர். தனக்கு ஊசி கிடைத்த பிறகும் சனிக்கிழமைதோறும் வந்து, கணினிகளைப் போட்டுவிட்டு, புதிதாக வருகிறவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைப்பார்.

“பயப்படாதீங்க தம்பி,” என்றார் சிவபெருமாளிடம். “நான் அஞ்சாங்கிளாஸ். எனக்கே வந்துட்டு. டீச்சர் மட்டும் இல்லேன்னா நான் போயி ரெண்டு வருசம் ஆயிருக்கும்.”

சிவபெருமாள் படத்தைத் திறந்தார். திரையில் இளநீலத்தில் ஒரு தீவு தெரிந்தது.

“இது என்ன டீச்சர், மேப்பு மாதிரில்லா இருக்கு?”

“மேப்புதான். சக்கரத்த உருட்டுங்க, உள்ள போவும்.”

உருட்டினார். தீவு தெருக்களாகப் பிரிந்தது, தெருக்கள் புள்ளிகளாயின, புள்ளிகள் பெரிதாகி ஒவ்வொன்றும் ஒரு செல்லாக நின்றது. நீலம், நீலம், பழுப்பு, நீலம். அவர் கையை எடுத்துவிட்டார்.

“இது முப்பிடாதியா?”

“அவங்க கட்டி,” என்றார் ஜெசிந்தா. “அவங்க இல்ல.”

அன்று பாடம் வழக்கம்போல் நடந்தது. மடிந்த இடத்தையும் கிழிந்த ஓரத்தையும் எப்படி ஒதுக்குவது, செத்த சதையை எப்படி அடையாளம் காண்பது, ஐந்து இடங்களை எண்ணுவதற்கு முன்பே எப்படித் தேர்ந்துகொள்வது என்று சொல்லிக் கொடுத்தார். இடைவேளையில் சிவபெருமாள் வாரியத்தின் கடிதத்தை நீட்டினார். அதைப் படித்த ஜெசிந்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெஷின் கொடுத்திருந்த எண் 22.1. அதன் கீழே, ‘வரம்புக்குக் குறைவு.’

“தப்பா அடிச்சிருக்காங்க,” என்றார். “இருபதுக்கு மேலதான இருக்கு.”

“ரெண்டாம் பக்கத்தையும் பாருங்க டீச்சர்.”

இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து வரம்பு இருபத்து நான்கு.

மதியம் எல்லோரும் போன பிறகு ஜெசிந்தா ஷாகிதாவைக் கூப்பிட்டார். இருவரும் ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள். ஷாகிதா இப்போது சென்னையில் வாரியத்தில் வேலை பார்த்தாள்.

“ஆமா ஜெசி, ஏத்திட்டாங்க,” என்றாள் ஷாகிதா. “அதுவா ஏத்திக்கிச்சுன்னுதான் சொல்லணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, ஊசி போட்டவங்கல்லாம் எப்படி இருக்காங்கன்னு மெஷின் பாக்கும். பாத்துட்டு வரம்ப நகர்த்தும். இருபதுக்கும் இருபத்தி நாலுக்கும் நடுவுல உள்ளவங்களுக்கு ஊசி கேக்கவே இல்ல.”

“எத்தன பேரு?”

“இருநூத்திப் பன்னெண்டு பேரு. முக்காவாசி அப்பீல்ல வந்தவங்க. நூத்தி எழுவது பேருக்குக் கட்டி வளந்துக்கிட்டே இருந்திருக்கு. பலன் இல்லாதவங்களுக்கு எதுக்குப் போடணும்னு மெஷின் கேக்குது. நியாயந்தானே? என்ன ஜெசி, சத்தத்தையே காணோம்?”

“ஒண்ணும் இல்ல. வெயில்,” என்று சொல்லி ஜெசிந்தா போனை வைத்தார்.

அவருக்கு அந்த முக்கால்வாசிப் பேர் யார் என்று தெரிந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் அமலோற்பவத்தின் ஸ்லைடை அவரே உட்கார்ந்து எண்ணினார். 17.2 வந்தது. பக்கத்தில் அமலோற்பவம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா எதையும் திட்டமிடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நீலம் என்று மென்பொருள் தள்ளிய செல்களில் சில, நன்றாக உற்றுப் பார்த்தால், லேசாகத் தேநீர்க் கறை மாதிரி இருந்தன. இதுவும் பழுப்புதானே என்று தோன்றிற்று. எவ்வளவு கருமை இருந்தால் பழுப்பு என்று கொள்வது என்பதற்கு வில்லையில் ஒரு கோடு உண்டு. அதை நூறு வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். கையேட்டில் நாற்பது என்று இருந்தது. ஜெசிந்தா அதை இழுத்து முப்பத்து மூன்றில் வைத்தார். 20.6 வந்தது. சேமித்தார்.

இன்னொரு ஊரில் இருந்தவர் அதே கோப்பை ஓட்டினார். அதே எண் வந்தது. கோடு ஏன் அங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்பது யாருடைய வேலையும் இல்லை.

பிறகு வந்தவர்களுக்கும் அந்தக் கோப்பையே கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கோடு போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வகுப்புக்கு வந்த யாரோ அதை வில்லையின் இணைய மன்றத்தில் ஏற்றிவிட்டார்கள். ‘ஜெசிந்தா முறை’ என்று பேர் வைத்து, சேலத்திலும் கடலூரிலும் தர்மபுரியிலும் அதை இறக்கிக்கொண்டார்கள். நன்றி சொல்லி முகம் தெரியாதவர்கள் எழுதியபோது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது பார்த்தால், உண்மையில் பதினாறும் பதினேழுமாக இருந்தவர்கள் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்ற எண்ணைச் சுமந்துகொண்டு மெஷினுக்குள் போயிருந்தார்கள். ஊசி அவர்களுக்குக் கேட்கவில்லை. இருபத்திரண்டு என்ற எண் உள்ளவர்களுக்கே கேட்காது என்று மெஷின் கற்றுக்கொண்டது. நிஜமாகவே இருபத்திரண்டாக இருந்த முப்பிடாதிக்கு ‘இல்லை’ என்றது.

அடுத்த சனிக்கிழமை ஜெசிந்தா வகுப்பை நடத்தாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். ஆனால் போனார். சிவபெருமாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். ஐந்து இடங்களைத் தேர்ந்து, ஜெசிந்தாவின் கோப்பை ஓட்டி முடித்துவிட்டிருந்தார்.

“இருபத்தஞ்சு புள்ளி மூணு!” என்று அமலோற்பவம் வாசலிலேயே ஓடிவந்து சொன்னார். “தம்பிக்கு வந்துட்டு டீச்சர்!”

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சிவபெருமாள் மட்டும் தட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் எழுந்திருக்கவில்லை. அமலோற்பவம் மதிய சமையலுக்கு மடத்துக்குப் போய்விட்டார்.

“டீச்சர், ஒரு சந்தேகம்,” என்றார் சிவபெருமாள். “வில்லையோட கையேட்ட வீட்ல உக்காந்து படிச்சேன். இந்தக் கோடு நாப்பதுல நிக்கணும்னு போட்டிருக்கு. உங்க கோப்புல முப்பத்து மூணு.”

“சில ஸ்லைடு வெளிறிப்போயி இருக்கும். அதுக்காக...”

“எங்க மேடையில காலி லாரிய மொதல்ல எட போடுவோம். அப்புறந்தான் லோடு. லோடப் பாத்துட்டு காலி எடைய எழுதுனா அதுக்கு வேற பேரு டீச்சர்.” அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறவரைப்போலத்தான் கேட்டார். “நாப்பதுல வச்சு ஓட்டிப் பாத்தேன். இருபத்தொண்ணு புள்ளி எட்டு. மெஷின் சொன்னதுக்குப் பக்கத்துல வருது. அப்பம் மெஷின் சரியாத்தான எண்ணியிருக்கு? வரம்பத்தான ஏத்தி வச்சிருக்கான். எதுக்கு ஏத்துனான்?”

ஜெசிந்தா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிரில் இருந்தவர் கையேட்டைப் படித்துவிட்டு வந்தவர். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட, ஒரு வாரமாக ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சொன்னார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை.

சிவபெருமாள் முழுவதும் கேட்டார்.

“அப்பம் இந்த வரம்பு நீங்க ஏத்துனது.”

“ஆமா.”

“எம் பொண்டாட்டிக்குக் கேக்கக்கூடிய ஊசி, கேக்காதவங்களுக்குப் போட்டதுனால...” மேலே சொல்லாமல் நிறுத்தினார். எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார். “அவங்க மட்டும் என்ன, சாவணும்னா வந்தாங்க? வுடுங்க. நான் நாப்பதுல வச்சதத்தான் அனுப்புவேன். முப்பத்து மூணுல வச்சு அனுப்புனா ஜனவரில இன்னும் ரெண்டு ஏத்துவான். அடுத்து வாரவன் என்ன பண்ணுவான்?”

பென்டிரைவை எடுக்க மறந்துவிட்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று வில்லையின் மன்றத்துக்கு: ‘என் பெயரில் உலவும் கோப்பில் கோடு தவறான இடத்தில் இருக்கிறது. வேண்டுமென்றே வைத்தேன். யாரும் பயன்படுத்த வேண்டாம். பயன்படுத்தியவர்கள் நாற்பதில் வைத்து மீண்டும் எண்ணுங்கள்.’ மற்றது ஷாகிதாவுக்கு, வாரியத்தில் கொடுக்கச் சொல்லி. அனுப்பிய பிறகு ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். அதை நினைத்துப் பிற்பாடு வெட்கப்பட்டார்.

ஞாயிறு காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துணி கட்டியிருந்தாள். கையில் தையற்காரர்களுக்கே உரிய ஊசிக் காய்ப்பு.

“நான் முப்பிடாதி. சிவபெருமாள் வீட்ல.”

“உள்ள வாங்க.”

“இருக்கட்டும், இங்கனயே காத்து வருது.” அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். “அவரு எல்லாம் சொன்னாரு. நாப்பதுல வச்சுத்தான் அனுப்புவேன்னு நிக்காரு. அவருக்கு எட சரியா இருக்கணும், அவ்வளவுதான். ஆனா மேடையில நிக்கது நான், அவரில்ல. எனக்கு முப்பத்து மூணுலயே போட்டு அனுப்புங்க டீச்சர்.”

ஜெசிந்தா கையிலிருந்த ஜெபப் புத்தகத்தைப் படியில் வைத்தார்.

“நான் ஒண்ணும் களவா கேக்கல. எனக்கு இருபத்திரண்டு இருக்கு. நேத்து வர இருபது போதும்னுதான இருந்துச்சு. கேக்க வேண்டிய ஊசியத்தான கேக்கேன். நான் பொழச்சா அந்த மெஷினுக்கும் நல்லதுதான? இந்த மாதிரி ஆளுக்குக் கேக்குதுன்னு படிச்சுக்கிடுமில்ல?”

அது சரியான வாதம். ஜெசிந்தாவுக்கு அது நேற்று தோன்றவே இல்லை.

“முப்பிடாதி,” என்றார், “இனி முடியாதும்மா. நேத்து நான் எழுதிட்டேன். அந்தக் கோப்பத் தடுத்திருப்பாங்க.”

“என்ன எழுதினீங்க?”

சொன்னார். முப்பிடாதி தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். வழியில் காய்கறி வண்டி ஒன்று கூவிக்கொண்டு போயிற்று.

“நாப்பத்தேழு பேருக்குப் போட்டீங்களே,” என்றாள் முப்பிடாதி. “ரெண்டு வருசம் சும்மா இருந்தீங்க. இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?”

அவள் அழவில்லை. படியைப் பிடித்து எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை வாரியம் மாநிலம் முழுவதும் மேல்முறையீடுகளை நிறுத்திவைத்தது. ஷாகிதா கூப்பிட்டபோது அவள் குரல் இறுகியிருந்தது.

“ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல? இங்க எல்லாரும் தலைல கை வச்சிருக்காங்க. உன்மேல கேஸ் போடணும்னு பாதிப் பேரு சொல்றாங்க.”

“போடட்டும். முப்பிடாதின்னு ஒரு கேஸ் இருக்கு, ஷாகி. நிஜமாவே இருபத்திரண்டு. அவங்களுக்கு மட்டும்...”

“வரம்பு ஜனவரிலயும் ஜூலையிலயுந்தான் மாறும். நடுவுல மாத்த இங்க ஒருத்தருக்கும் அதிகாரம் இல்ல. யாருக்கும் இருக்கக் கூடாதுன்னுதான மெஷினே வச்சாங்க? ஜனவரில மாறணும்னாலும் அந்த இருநூத்திப் பன்னெண்டையும் யாராவது திரும்ப எண்ணிக் குடுக்கணும். எங்கிட்ட ஆள் கிடையாது.”

அந்தச் சனிக்கிழமை ஜெசிந்தா பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அறையில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். சிவபெருமாளும் அமலோற்பவமும். மற்றவர்கள் வகுப்பு நின்றுவிட்டது என்று வரவில்லை. வில்லையில் ஏதோ கோளாறு, எண்ணிக்கை பிசகிவிட்டது என்று மட்டும் அமலோற்பவத்துக்குத் தெரியும். மன்றத்தில் வருவதையெல்லாம் அவர் படிப்பதில்லை.

“எண்ணி முடிச்சாத்தான ஜனவரில எறக்குவான்?” என்றார் சிவபெருமாள், ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல். “ஸ்லைடுகள எடுங்க.”

படங்கள் பெயர் இல்லாமல், வெறும் எண்களோடு இருந்தன. பெயர்ப்பட்டியல் ஜெசிந்தாவிடம் மட்டும் இருந்தது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று மூன்று மாதம் இருவரும் எண்ணினார்கள். தூத்துக்குடியின் நாற்பத்தேழு முடிந்ததும் மற்ற ஊர்களுடையதை எடுத்தார்கள். சேலத்திலும் கடலூரிலும் சிலர் தாங்களே எண்ணி அனுப்பினார்கள். சிலர் ஜெசிந்தாவைத் திட்டி எழுதினார்கள். தர்மபுரியிலிருந்து ஒருவர், ‘என் அப்பாவுக்கு ஊசி நின்றால் உன் வீட்டு வாசலில்தான் பிணத்தை வைப்பேன்’ என்று எழுதியிருந்தார். அவர் அப்பாவின் எண்ணிக்கை 16.4.

சிவபெருமாள் பேச்சே இல்லாமல் வேலை செய்தார். ஒரு நாள் மட்டும் கோட்டை நாற்பதில் வைத்துவிட்டுக் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“அன்னைக்கு நான் கேக்காம இருந்திருந்தா இருபத்தஞ்சு புள்ளி மூணு போயிருக்கும். இந்நேரம் நாலு ஊசி போட்டிருக்கலாம்,” என்றார். “வீட்ல இப்பம் எங்கிட்ட அதிகம் பேச மாட்டா. கோவம்னு இல்ல. மூச்சு வாங்குது அவளுக்கு.”

அமலோற்பவம் வாரம் இரண்டு நாள் முப்பிடாதியின் வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். இருவரும் எப்படியோ ஒட்டிக்கொண்டார்கள். ‘ஜனவரில ஒனக்குப் போட்டுருவாங்க, ரெண்டாவது ஊசில நாக்குல ருசி திரும்பும் பாரு’ என்று தன் அனுபவத்தைச் சொல்லித் தேற்றுவாராம்.

டிசம்பர் பாதியில் எல்லாம் முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று ஐம்பத்து மூன்று பேர் உண்மையில் இருபதுக்குக் கீழே. தூத்துக்குடியின் நாற்பத்தேழில் பதினோரு பேர்; மற்றவர்களை மெஷின்தான் குறைத்து எண்ணியிருந்தது. அந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். ஜெசிந்தா பட்டியலில் பெயர்களை நிரப்பி வாரியத்துக்கு அனுப்பினார். உயிரோடு இருக்கும் மூன்று பேருடைய ஊசியை நிறுத்திவிடுவார்களே என்று, அனுப்பும் பொத்தானை அழுத்த அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பத்து நாள் கழித்து ஷாகிதா கூப்பிட்டாள்.

“கேஸ் இல்ல ஜெசி. யாருக்கும் ஊசியையும் நிறுத்தல.”

“ஏன்?”

“வரம்புக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஊசி போட்டா என்ன ஆகும்னு மெஷினுக்குத் தெரியவே தெரியாது. அவங்களுக்குத்தான் யாரும் போடுறதே இல்லையே? அந்த நூத்தி அம்பத்தி மூணு பேருதான் இப்பம் இருக்கிற ஒரே ஆதாரம். நீ செஞ்சத ஒரு சோதனையாவே எடுத்துக்கிட்டாங்க. உயிரோட இருக்கிறவங்களுக்கு ஊசியத் தொடர்ந்து போட்டு, மாசாமாசம் எழுதி வைக்கச் சொல்லியிருக்காங்க. மேல ஒருத்தரு, இவ்வளவு நல்ல தகவலக் கேட்டிருந்தா நமக்கு யாரு அனுமதி குடுத்திருப்பான்னே சொல்றாரு.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “உனக்கு நன்றிக் கடிதம் ஒண்ணு வரும்.”

“அவங்க கிட்ட சொல்லுவீங்களா? அந்த ஆளுங்ககிட்ட?”

“சொன்னா பாதிப் பேரு பயந்து நிறுத்திருவாங்கல்ல?”

நன்றிக் கடிதம் வந்தது. ஜெசிந்தா அதைப் பிரிக்காமல் பீரோவில் போட்டார்.

ஜனவரி முதல் தேதி வரம்பு பத்தொன்பதுக்கு இறங்கியது. ஒன்பதாம் தேதி முப்பிடாதிக்கு முதல் ஊசி. ஆனால் அதற்குள் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. செப்டம்பரில் போட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். சிவபெருமாள் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டார். இரண்டாவது ஊசிக்குப் பிறகு முப்பிடாதி, ருசி தெரிகிறது என்று அமலோற்பவத்திடம் சொன்னாள். உண்மையாகவே தெரிந்ததா, அவருக்காகச் சொன்னாளா என்று யாருக்கும் தெரியாது. மார்ச் மாதம் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த மறுநாள் காலை ஜெசிந்தா அவர்கள் வீட்டுக்குப் போனார். அதற்கு முன் போகத் தைரியம் வரவில்லை. முன்னறையில் தையல் மெஷினின் மேல் துணி போர்த்தியிருந்தது. சிவபெருமாள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மொட்டையடித்த தலை அவரை வேறு ஆளாகக் காட்டியது. உள்ளே அமலோற்பவம் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா பதினஞ்சு நாளா வந்து பாத்துக்கிடுதாங்க,” என்றார் சிவபெருமாள். “மடத்துல லீவு போட்டுட்டு.”

ஜெசிந்தா தலையாட்டினார்.

“டீச்சர், நம்ம ஊர்ல பதினோரு பேருன்னு சொன்னீங்கல்லா. அதுல மூணு பேரு இருக்காங்கன்னு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அக்கா அதுல ஒருத்தரா?”

ஜெசிந்தா உள்பக்கம் பார்த்தார். பிறகு மெல்ல, “ஆமா,” என்றார்.

“எவ்வளவு?”

“பதினேழு புள்ளி ரெண்டு.”

“அது நான் எண்ணுனதுதான். நம்பர் நெனப்பு இருக்கு.” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “அந்த ஊசிதான் அவங்களக் காப்பாத்துதா?”

“தெரியல. மெஷினுக்கும் தெரியல. அதத்தான் மாசாமாசம் எழுதிக்கிட்டிருக்காங்க.”

“அக்காவுக்குத் தெரியுமா இதெல்லாம்?”

“தெரியாது. இனிமேலும் மறைக்கக் கூடாதுன்னு தோணுது. இன்னைக்கு உங்கள பாத்துட்டு, அவங்ககிட்டயும் சொல்லிரலாம்னுதான் வந்தேன்.”

உள்ளேயிருந்து அமலோற்பவம் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தார். வீட்டுக்காரரைப்போல், “டீச்சர், ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க,” என்று அதட்டிவிட்டு, சிவபெருமாளின் முன் டம்ளரை வைத்தார். “தம்பி, இதக் குடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும். நேத்தும் குடிக்காம ஆறப்போட்டுட்டீங்க. சீனி கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன்.” சொல்லிவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களைக்குத் திரும்பினார்.

சிவபெருமாள் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்த பிறகு டம்ளரைக் கையில் எடுத்தார்.

“சொல்லாதீங்க டீச்சர்,” என்றார். “இருந்துட்டுப் போகட்டும்.”